மறு: கண்ணாடி வியர்வையா, பனிப்பா?

> குளிர்காலத்தில் ஜன்னலின் உட்பக்கம் தண்ணீர் கோத்து நிற்பதைக் 'கண்ணாடி வியர்வை' என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும் ஐயா. தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. வியர்வை உள்ளிருந்து கசிவது. டொராண்டோவில் பேஸ்மென்ட்டில் குடியிருந்த முதல் குளிர்காலத்தில் நாங்களும் "ஜன்னல் வியர்க்கிறது, ஒழுகுகிறது" என்றே பேசினோம். சட்டத்தைச் சுற்றி டேப் ஒட்டியே ஜனவரி கழிந்தது. தண்ணீர் வந்ததோ மூடாமல் கொதித்த சோற்றுப் பானையிலிருந்தும், அறைக்குள் கொடி கட்டி உலர்த்திய துணியிலிருந்தும். சட்டத்தின் கீழ் மூலையில் கரும்பூஞ்சை படர்ந்த பிறகுதான் அது உறைத்தது.

ஆவி குளிர்ந்து நீராவதற்குப் பாடநூல்களில் சொல் இல்லாமல் இல்லை. இலங்கையில் 'ஒடுக்கம்', தமிழ்நாட்டில் 'ஆவி சுருங்குதல்'. மேகம் உருவாவதும் அதுதான், வாலை வடிப்பதும் (காய்ச்சி வடித்தல்) அதுதான். கண்ணாடியில் துளித்து நிற்கும் நீருக்குத் தனிச்சொல் வேண்டும். 'ஓதம்' ஆகாது, அது சுவரிலும் தரையிலும் ஏறும் ஈரம்.

என் பரிந்துரை 'பனிப்பு'. கண் பனித்தது என்கிறோமே, அந்தப் பனித்தல். இதில் எனக்குப் பிடித்தது, காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் 'பனிநிலை' என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பது (இலங்கையில் பனிபடுநிலை). அறை 20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 9 டிகிரி. கண்ணாடி அதற்கும் கீழே குளிர்ந்தால் பனிக்கும். ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்கு இறக்கினால் பனிநிலையும் 2 டிகிரிக்கு இறங்கிவிடும். இப்படிச் சொன்னால், கேட்பவர் டேப்பைத் தேடாமல் அடுப்பு மேலுள்ள விசிறியைப் போடுவார்; இரவில் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி, அறையின் சூடு கண்ணாடியில் பட விடுவார்.

> கனடாவில் பனி என்றால் ஸ்னோ அல்லவா? குழம்பாதா?

பேச்சில் இங்கே 'ஸ்னோ கொட்டுது' என்றுதான் காதில் விழுகிறது. கண்ணாடியில் படிந்த நீர் உறைந்தால் அதற்கு 'உறைபனி' இருக்கிறது. தவிர, 'பனிப்பு' வினையிலிருந்து பிறந்த பெயர். "ஜன்னல் பனிக்கிறது" என்று வாக்கியத்தில் வரும்போது குழப்பம் வராது.

இன்னொரு வசதி, சொல் கிளைக்கிறது. அறைப் பக்கம் நிற்பது உட்பனிப்பு. இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே மங்கலாகத் தெரிவது இடைப்பனிப்பு. அது விளிம்பின் அடைப்பு விட்டுப்போனதன் அடையாளம், எவ்வளவு விசிறி போட்டாலும் போகாது. இலையுதிர்கால விடியலில் வெளிப்பக்கம் படிவது வெளிப்பனிப்பு. வீட்டுச் சூடு கண்ணாடி வழியே வெளியேறவில்லை என்று பொருள், கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்றையும் 'வியர்வை' என்றால், எதற்கு ஆளைக் கூப்பிடுவது, எதைத் துடைத்துவிட்டுப் போவது என்று எப்படித் தெரியும்?

யாழ்ப்பாணத்து உறுப்பினர்கள் சொல்ல வேண்டும்: 'பனிபடுநிலை'யோடு சேர்த்துப் படிக்கையில் 'பனிப்பு' உங்கள் காதுக்கு ஒட்டுகிறதா?