லண்டனா பாரிஸா? அம்மாவோடு போனால் எங்கே கூட நாள் நிற்கலாம்?

கோண்டாவிலான்:
அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற யோசனை. சித்தி குடும்பம் லண்டனில் ஹரோப் பக்கம், மாமா பாரிஸில். இரண்டு வீட்டுக்காரரும் தங்களிடம்தான் கூட நாள் நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம், எனக்கோ வேலையில் லீவு குறைவு. நல்லூர்த் தீர்த்தம் முடியாமல் அம்மா யாழ்ப்பாணத்தை விட்டு அசைய மாட்டா, அதனால் பயணம் ஆவணி அமாவாசைக்குப் பிறகுதான். அவவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறி இறங்குவது கஷ்டம், ஆனால் ஆசை நிறைய இருக்கு, மகாராணியின் மணிமுடியும் பார்க்க வேண்டும் ஈபிள் கோபுரமும் பார்க்க வேண்டும். இரண்டு நகரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முதல்முறை போகிற ஒருவருக்கு எது கூடப் பிரயோசனம்? சொந்தக்காரர் வீட்டு உபசரிப்பைப் பற்றி இல்லை, நகரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஹரோ வாசி:
நான் லண்டன் பக்கம்தான். காரணம் சொல்கிறேன். இங்கே பெரிய மியூசியங்களுக்கு உள்ளே போகக் காசு இல்லை. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கலரி, இயற்கை வரலாற்று மியூசியம் எல்லாம் அப்படித்தான். காசு கொடுக்காதபடியால் அம்மாவுக்குக் கால் நோகுது என்றால் ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடலாம், மனம் அடிக்காது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 33 ஆம் அறைக்குக் கட்டாயம் போங்கள். எங்கள் தீவின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்த, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை அங்கேதான் நிற்கிறது, ஏறக்குறைய முக்கால் ஆள் உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம். இலங்கையில் ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830 இல் மியூசியத்துக்குக் கொடுத்தது. பக்கத்தில் சோழர் கால நடராசரும் இருக்கிறார். ஊரில் இருந்து வருகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் படம் எடுத்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பிப் போவது எனக்கு உண்மையிலேயே கவலை.

மணிமுடி பார்ப்பது டவர் ஒவ் லண்டனில். அதற்கு ரிக்கெற் வேண்டும், விலையும் கூட. கோகினூர் வைரமும் அங்கேதான். அப்புறம் பாஷை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே, யாரையும் எதிர்பார்க்காமல் நீங்களே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடலாம். ரியூப் என்கிற நிலக்கீழ் ரயிலை நம்ப வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படி இல்லாமல் போகலாம். 2022 இல் திறந்த எலிசபெத் லைன் என்றால் எல்லா நிலையத்திலும் படி இல்லாமல் போகலாம். பஸ் எல்லாம் தாழ்ந்த தளம், ஏறுவது சுகம்.

லாசப்பல் அக்கா:
ஹரோ வாசி சொன்னதில் பிழை இல்லை, ஆனால் தூரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். லண்டன் 1,572 சதுர கிலோமீற்றர், எங்கள் யாழ் மாவட்டம் முழுவதையும் விடப் பெரியது. பாரிஸ் நகரம் வெறும் 105. ஹரோவில் இருந்து டவருக்குப் போய் வருவதிலேயே அம்மாவின் பலம் முடிந்துவிடும், பிறகு எதைப் பார்ப்பது? இங்கே பாரிஸில் ஆற்றில் ஒரு படகில் ஏறி இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஈபிள், லூவ்ர் மியூசியம், நோத்ர்தாம் தேவாலயம் எல்லாம் கண்முன்னால் வந்து போகும், இருந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம். ஈபிளில் லிப்ற் இருக்கிறது, ஆனால் கோபுரம் வடிவாகத் தெரிவது அதில் ஏறி நின்றால் இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் த்ரொக்கதேரோவில் நின்றால்தான். அதுக்குக் கிட்டவே கிமே மியூசியம், அங்கேயும் ஒரு சோழ நடராசர் இருக்கிறார், கம்போடியக் கோயில் சிற்பங்களும் ஏராளம். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை கிமேயும் பூட்டு, லூவ்ரும் பூட்டு, கவனம்.

காசு இல்லாமல் இங்கேயும் பார்க்கலாம். பெத்தி பலே, கர்னவலே என்ற இரண்டு மியூசியத்திலும் நிரந்தரக் காட்சிக்கு ரிக்கெற் இல்லை. லூவ்ர்தான் விலை, ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரியில் இருந்து 32 யூரோ. மெத்ரோவில் படி கூட, லிப்ற் குறைவு, அதை மறைக்க மாட்டேன். 14 ஆம் லைன் பரவாயில்லை, மற்றபடி பஸ் பிடியுங்கள். களவு பயம், தாலிக்கொடியைச் சட்டைக்கு உள்ளே விடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வரும் காலத்தை ஒட்டித்தான் எங்கள் மாணிக்க விநாயகர் கோயில் தேர். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் றோட்டு முழுக்கத் தேங்காய் உடைத்து, காவடி ஆடி, வெள்ளைக்காரரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நல்லூர் முடித்த கையோடு வருகிற உங்கள் அம்மாவுக்கு இதை விட என்ன வேண்டும்?

கோண்டாவிலான்:
தேர் விசயம் அம்மாவிடம் சொன்னேன், அவ ஏற்கனவே முடிவெடுத்துவிட்டா போல. ஆனால் பிரெஞ்சு தெரியாதே, மாமாவும் மாமியும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் தனியாகச் சமாளிப்பேனா?

திருநெல்வேலி ரீச்சர்:
தம்பி, இரண்டு இடமும் போய் நின்று வந்தவள் என்றபடியால் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் நகரத்தைத் தவறவிடுவது இப்படித்தான், சனி ஞாயிறு யாராவது காரில் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கிழமை முழுக்க வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்ப்பது. சனி ஞாயிறு வந்தால் அந்த வீட்டுச் சாப்பாடு, இந்த வீட்டுச் சாப்பாடு. லண்டன் என்றால் ஈஸ்ட்ஹாமும் வெம்பிளியும், பாரிஸ் என்றால் லாசப்பலும் மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை விடியவே நீங்கள் இரண்டு பேருமாக வெளிக்கிடுங்கள், சொந்தக்காரரைப் பின்னேரம் பார்க்கலாம். பாஷைக்குப் பயப்பட வேண்டாம், போய் நின்றதும் முதலில் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டுக் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அது சொல்லாமல் நேரே கேள்வி கேட்பதைத்தான் அவர்கள் மரியாதைக் குறைவாக எடுப்பார்கள்.

என் முடிவு பாரிஸில் கூட நாள். முழங்கால் ஒரு காரணம். மற்றது, லண்டனில் நல்லதெல்லாம் கட்டடங்களுக்கு உள்ளே, பாரிஸில் தெருவே காட்சி, ஒரு வாங்கில் இருந்தாலும் போதும். நோத்ர்தாமுக்கு உள்ளேயும் கூட்டிக்கொண்டு போங்கள், ரிக்கெற் இல்லை. 2019 ஏப்ரலில் கூரை எரிந்து கூர்க்கோபுரம் விழுந்ததை, 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள். 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள், அந்தக் கழுவித் துடைத்த வெள்ளைக் கல்லுக்குக் கீழே நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

லண்டனுக்கு முதலில் போங்கள், தாராவும் மணிமுடியும் பார்த்துவிட்டு சென் பங்க்ரஸ் நிலையத்தில் யூரோஸ்ரார் ரயில் ஏறினால் இரண்டேகால் மணித்தியாலம் அளவில் பாரிஸின் கார் து நோர் நிலையம், லாசப்பல் அங்கிருந்து நடை தூரம். ஊருக்கும் பாரிஸில் இருந்தே ஏறுங்கள், பிரித்தானியாவில் இருந்து புறப்படும் நீண்ட தூரப் பயணத்துக்கு விமான வரி கூட.

லாசப்பல் அக்கா:
ரீச்சர் சொன்னதோடு விசாவையும் யோசியுங்கள். இரண்டு நாட்டுக்கும் வேறு வேறு விசா. இங்கே மாமா வீட்டில் தங்குவதென்றால் அவர் மேரி என்கிற நகரசபை அலுவலகத்துக்குப் போய் வரவேற்புப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும், அது உடனே கிடைக்காது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். தேர் எந்த ஞாயிறு என்று மாமாவிடம் உறுதிப்படுத்தாமல் ரிக்கெற் போட வேண்டாம், வருடா வருடம் திகதி மாறும்.