மறுமொழி: ‘தொழிற்கழிவு’ வேண்டாம், ‘செலவேற்பு’ சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான வரிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அதில் மாநில வரிகள் பற்றிய பகுதியில் மூன்று நாளாக நிற்கிறேன். மாநிலத்துக்குக் கட்டிய வரியை நடுவணரசின் வரிப் படிவத்தில் எங்கே கழிப்பது என்பதுதான் பகுதியின் பொருள். நேற்று வந்த மடலில் இருந்து:

> டிடக்‌ஷன் என்றால் கழிவு. பிசினஸ் டிடக்‌ஷன் என்றால் தொழிற்கழிவு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. “உங்கள் தொழிற்கழிவுகளை ஷெட்யூல் சி-யில் காட்டுங்கள்” என்று எழுதி என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். “சாயப்பட்டறைக்காரங்களுக்கா எழுதுறீங்க?” என்றாள். திருப்பூர்க்காரி. நொய்யலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் வேறு எப்படிக் கேட்கும்?

> ‘தவிர்ப்பு’ எனலாமே. சுங்கம் தவிர்த்த சோழன் என்று குலோத்துங்கனையே சொல்லியிருக்கிறார்கள்.

அழகான சொல்தான். ஆனால் அவன் சுங்கத்தையே நீக்கியதால் வந்த பெயர் அது. இங்கே யாரும் எந்த வரியையும் நீக்கவில்லை. ஒரு வரியைக் கட்டிவிட்டு, அந்தத் தொகையை இன்னொரு வரியின் கணக்கில் குறைத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்கு ‘வரி தவிர்ப்பு’ என்றால் இன்றைய செய்தித்தாளில் வேறு பொருள்.

சரி, என் சிக்கல் கழிவு என்ற சொல்லோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது. தனியாள் வணிகர் (நிறுவனமோ கூட்டாளிகளோ இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவர்) தொழில் கணக்கை ஷெட்யூல் சி என்ற இணைப்புப் படிவத்தில் எழுதுகிறார். அதில் 23-ஆம் வரி ‘வரிகளும் உரிமங்களும்’. (இந்த ‘வரி’ படிவத்தின் கோடு. இதற்கும் ஒரு சொல் தேடவேண்டும், அது தனி இழை.) தொழிற்கருவிகள் மீதான சொத்து வரி, உரிமக் கட்டணம், வேலையாட்களுக்காக முதலாளி கட்டும் பங்கு எல்லாம் அங்கே போகும். வாஷிங்டன் மாநிலம் தொழில்கள் மீது விதிக்கும் பி அண்ட் ஓ வரியும் அங்கேதான். அது இலாபத்தைப் பார்க்காது. மொத்த விற்றுமுதலின் மீது விழும். சில்லறை விற்பனைக்குப் பல ஆண்டுகளாக 0.471 விழுக்காடு. இலட்சம் டாலருக்கு விற்றால், சிறுதொழிலுக்கான சலுகையைச் சேர்க்காமல், 471 டாலர். நட்டத்தில் ஓடினாலும் கட்டவேண்டியதுதான். வாடகை, மின்கட்டணம் போல அது தொழிலின் செலவு.

இப்போது கலிஃபோர்னியாவில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தொழில் இலாபத்தின் மீது மாநில வருமான வரி கட்டுகிறார். அந்த இலாபம் முழுக்கத் தொழிலில் வந்ததுதான், இருந்தாலும் அந்த வரி ஷெட்யூல் சி-க்குள் நுழையாது. நிகர வருமானத்தின் மீதான மாநில வரி, தொழில் வருமானத்தின் மீது விதிக்கப்பட்டாலும், ஆளின் சொந்த வரி என்பது நடுவணரசு விதி. அதைச் சொந்தக் கழிவுகளுக்கான ஷெட்யூல் ஏ-யில் இனவாரியாக, அதாவது ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுத்தான் கழிக்கமுடியும். அங்கே உச்சவரம்பும் உண்டு: 2018 முதல் 10,000 டாலர், 2025-இல் 40,000 ஆக உயர்ந்தது. இனவாரியாகப் போகாமல், பட்டியல் இல்லாமலே ஒரே தொகையாகக் கிடைக்கும் நிலையான கழிவை எடுத்துக்கொண்டால் (2025-இல் தனிநபருக்கு 15,750 டாலர்) மாநில வரிக்கென்று தனியாக எதுவும் கிடைக்காது.

கையில் எவ்வளவு வேறுபடும்? 23-ஆம் இடத்தில் ஆயிரம் டாலர் எழுதினால் வருமான வரி குறைவதோடு சுயதொழில் வரியும் (சொந்தத் தொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் கட்டுவது) குறையும். பெரும்பாலான சிறு வணிகர்களுக்கு அது மட்டுமே ஏறத்தாழ 141 டாலர். அதே ஆயிரம் ஷெட்யூல் ஏ-யில் இருந்தால் சுயதொழில் வரியில் ஒரு காசு குறையாது. இரண்டையும் ‘கழிவு’ என்றே எழுதிவிட்டால், படிப்பவர் தவறான இடத்தில் போட்டுவிட்டு நம்மைத்தான் திட்டுவார்.

எனவே என் முன்மொழிவு: முதலாவது செலவேற்பு வரி. தொழில் கணக்கில் செலவாக ஏற்கப்படும் வரி. இரண்டாவதை வழக்கம்போல இனவாரிக் கழிவு என்றே விடலாம். பொதுப்பெயராக ‘தொழில் வரி’யைத் தொடவேண்டாம். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிகள் வாங்கும் ஒரு குறிப்பிட்ட வரியின் பெயர்.

இன்னொன்று. கோப்பில் ‘தனியுரிமையாளர்’ என்று இருப்பதைத் ‘தனியாள் வணிகர்’ என்று மாற்றிவிட்டேன். தனியுரிமை என்றதும் இப்போது எல்லோருக்கும் செயலிகளின் தனியுரிமைக் கொள்கைதான் நினைவுக்கு வருகிறது.

அன்புடன்.

---

தம்பி,

முப்பது வருடம் கணக்கு எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கடைத்தெருவில் யாரும் செலவை ‘ஏற்பது’ இல்லை. “அதைச் செலவுல எழுது”, “செலவுல காட்டு” என்பார்கள். ஏற்பு என்றால் யார் ஏற்கிறார்கள்? நடுவணரசின் வரித்துறையான ஐஆர்எஸ்ஸா? அவர்கள் தணிக்கைக்கு வந்து பார்த்தபிறகு தெரியும்!

இரண்டாவது, சுயதொழில் வரியில் பாதியைக் கழிக்கிறோமே, அது ஷெட்யூல் சி-யிலும் இல்லை, ஏ-யிலும் இல்லை. தனிநபர் வருமான வரிப் படிவமான 1040-க்கான ஷெட்யூல் 1-இல் வருகிறது. உன் இரண்டு பெட்டியில் அது எதில்?

மூன்றாவது, விற்பனை வரி. வாங்குபவர் மீது விதித்து, நாம் வசூலித்து மாநிலத்துக்குக் கட்டுவது வரவிலும் சேராது, செலவிலும் சேராது. விற்பவர் மீதே விதித்தது என்றால் வாங்கியவரிடம் வசூலித்ததை வரவில் சேர்த்துவிட்டுச் செலவில் எழுதவேண்டும். முதல் வகைக்குக் ‘கைமாற்று வரி’ என்று கோப்பில் பார்த்தேன். கைமாற்று என்றால் பக்கத்து வீட்டில் வாங்கும் கடன், தம்பி.

---

ஐயா,

கைமாற்று என் பிழை. ‘ஒப்படைப்பு வரி’ என்று மாற்றிவிட்டேன்.

சுயதொழில் வரியின் பாதி நடுவணரசு வரி என்பதால் இந்தப் பகுதியில் வராமல் தப்பிக்கிறது. ஷெட்யூல் 1-க்கு வரும்போது உங்களைத்தான் பிடிப்பேன்.

‘செலவில் எழுதும் வரி’ என்பது நன்றாகத்தான் இருக்கிறது. வினையாக வரும் இடங்களில் எல்லாம் அதையே வைக்கிறேன்: “பி அண்ட் ஓ வரியைச் செலவில் எழுதலாம், மாநில வருமான வரியை எழுதமுடியாது.” படித்தவுடன் புரிகிறது. ஆனால் அட்டவணைத் தலைப்புக்கு அது நீளம். அங்கே மட்டும் செலவேற்பு இருக்கட்டும். யார் ஏற்கிறார்கள் என்றால் சட்டம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்ளலாமே. ஒரு நிறுவனத்துக்கு இதே மாநில வருமான வரியைச் சட்டம் செலவாக ஏற்கிறது. கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் தொழிலிலும், மாநிலம் வரியைத் தொழிலின் மீதே விதித்தால் ஏற்கலாம் என்று 2020-இல் ஐஆர்எஸ் அறிவித்தது. தனியாள் வணிகருக்கு மட்டும் அந்த வழி இல்லை, ஆளும் தொழிலும் ஒன்றே என்பதால். ‘ஏற்பு’ என்ற சொல் இருந்தால்தான் இதை விளக்க வாகாக இருக்கிறது.

ஞாயிறு இரவு வரை வேறு மறுப்பு வராவிட்டால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். நொய்யல் பக்கத்து ஒப்புதல் ஏற்கெனவே வாங்கியாயிற்று.