போர்வெல் தண்ணீர் சூடு, மோட்டார் காயில் நிற்க மாட்டேன் என்கிறது. உதவி தேவை

தோப்புக்காரன், தேவிபட்டினம்:
எங்கள் தென்னந்தோப்பில் 650 அடி போர். 480 முதல் 600 அடி வரை, ஊற்றுத் தண்ணீர் உள்ளே வரும் பில்டர் பைப். தண்ணீர் லேசான உவர், தென்னை தாங்குகிறது. ஆனால் சூடு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 37 டிகிரி காட்டுகிறது. மார்கழி விடியலில் தொட்டியில் ஆவி பறக்கும். ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை காயில் கட்டியாயிற்று. ஒரு மணி நேரம் ஓடினாலே டிரிப் ஆகும். கடைசியாகத் தூக்கியபோது மோட்டார் மேல் சிரட்டை கனத்துக்கு வெள்ளைப் படிவு. அதை ஒட்டிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் மரை கைபட்டதும் உதிர்ந்தது. இன்னொரு செலவு தாங்காது.

மோட்டார் மெக்கானிக், பனைக்குளம்:
தம்பி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது? நீர்மட்டம்?

தோப்புக்காரன்:
620 அடி, பாய். ஆழத்தில் இருந்தால் தண்ணீர் வற்றாது என்று இறக்கினார்கள். மட்டம் 60 அடி, ஓடும்போது 110.

மோட்டார் மெக்கானிக்:
அதுதான் காரணம். மோட்டாரைக் குளிரவைப்பது அதை உரசி ஓடும் தண்ணீர். உறிஞ்சும் வாய் மோட்டாருக்கு மேலே, உங்கள் ஊற்று அதற்கும் மேலே. மோட்டார் அசையாத வெந்நீரில் நின்று வேகிறது. சாதாரண மோட்டார்கள் 30 டிகிரி தண்ணீரை மனதில் வைத்துச் செய்தவை. 200 அடிக்கு ஏற்றுங்கள், கீழிருந்து வரும் தண்ணீர் உரசிக்கொண்டு ஏறும். ஸ்டெயின்லெஸ் மோட்டாரோடு ஜி.ஐ. பைப்பை உவர்நீரில் சேர்த்தால் பைப்தான் அரிக்கும், தண்ணீரை மேலே கொண்டுவரும் பைப்பை யு.பி.வி.சி. பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள்.

தொண்டிக்காரன், ஐஸ்லாந்து:
பாய் சொன்னது சரி. நான் இங்கே புவிவெப்பக் கிணறுகளில் வேலை பார்க்கிறேன். ரெய்க்யவிக் வீடுகளுக்கு வெந்நீர் தரும் கிணறுகளில் மோட்டாரை உள்ளேயே விடுவதில்லை. அது தரையில் இருக்கும், நீண்ட தண்டு ஒன்று கீழேயுள்ள பம்பைச் சுழற்றும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் 200 அடிக்கு மேலே ஏற்றாதீர்கள் அண்ணே. அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுண்ணாம்பு படியும். சூடான இடத்தில் இன்னும் வேகமாகப் படியும். அந்தப் படிவே போர்வை மாதிரி மோட்டார் சூட்டை அடைத்துவிடும். துருக்கியில் இதற்காகவே கிணற்றுக்குள் மெல்லிய குழாய் இறக்கி, படிவைத் தடுக்கும் மருந்து விடுகிறார்கள். பழைய படிவை முழுக்கச் சுரண்டிவிட்டு இறக்குங்கள்.

தோப்புக்காரன்:
நேற்று ஏற்றிவிட்டோம், பைப்பும் மாற்றியாயிற்று. மூன்று மணி நேரம் ஓடியும் ஆம்பியர் முள் ஏறாமல் ஒரே இடத்தில் நின்றது! பாய்க்கும் தம்பிக்கும் நன்றி. மிச்சமான கேபிள் கொட்டகையில் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்து, படிவு எவ்வளவு என்று எழுதுகிறேன்.