கிராபிக்ஸ் கார்டு வாங்கியாச்சு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) தாங்குமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நெல்லித்தோப்பு:
என் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. பழைய கேபினட்டிலேயே மாட்டிவிடலாம் என்று நேரு வீதிப் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் பெரிதாக இருந்த 500 வாட்டைத் தட்டிக்காட்டி, "தாராளமா இழுக்கும் சார்" என்றார். பக்கத்தில் பிரின்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்த பையன் எழுந்து வந்து, மை ஒட்டிய விரலால் அதே ஸ்டிக்கரின் கீழே பொடி எழுத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டான். கார்டுக்குக் கரண்ட் போகும் +12 வோல்ட் லைன், 16 ஆம்பியர். "பெருக்கிப் பாருங்கண்ணா." 192 வாட்! கார்டு மட்டுமே 170 கேட்கும். கடைக்காரர் அவனை முறைத்த முறைப்பு இருக்கிறதே... அன்று சாயங்காலம் அந்தப் பையன் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டானோ.

மஞ்சக்குப்பம்:
ஆம்பியர் எல்லாம் அப்புறம். அக்கா மகனுக்கு வாங்கியது ஆபீஸில் கழித்துவிட்ட பழைய சிஸ்டம், உள்ளே 240 வாட் எஸ்எம்பிஎஸ். புதுசாக 550 வாங்கி வந்து பிரித்தால் மதர்போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட்டே இல்லை! அந்தக் கம்பெனிக்கென்றே ஒரு குட்டி பிளக். "மாமா, ஏதாவது பண்ணுங்க" என்று 24 பின் வயரைக் கையில் பிடித்தபடி நின்றான். கடைசியில் தனி பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650. மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடுகிறது.

முத்தியால்பேட்டை:
நெல்லித்தோப்பு நண்பரே, பையன் சொன்னது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் 750 வாட்டுக்கு ஓடுவார்கள், அதுதான் எரிச்சல். 3060க்கு அந்தச் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 550 வாட் என்று சொல்வது மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸையும் மனதில் வைத்துத்தான். கணக்குப் போடுங்கள்: கார்டு 170, ஐ5-12400எஃப் பிராசஸர் முழு வேகத்தில் 117, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 50. 340ஐத் தாண்டாது. +12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தரும் நல்ல 450 போதும். 80 பிளஸ் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள், அது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, தரத்துக்கு இல்லை. மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டும் வகை) என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைச் செருகவே செருகாதீர்கள். கார்டு, டிஸ்க் பக்கம் ஒரே மாதிரி இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை மாறும், ஹார்டு டிஸ்க் போய்விடும். கார்டில் இரண்டு 8 பின் பவர் சாக்கெட் இருந்தால் தனித்தனி வயர் கொடுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். என் கதையா? டெஸ்க்டாப்பில் சமர்த்தாக இருக்கும், கேம் திறந்தால் பட்டென்று அணையும். எஸ்எம்பிஎஸ் மாற்றினேன், சரியாகிவிட்டது.

தேவனாம்பட்டினம்:
ஒரே மோலெக்ஸிலிருந்து (பழைய ஹார்டு டிஸ்க்குக்கான 4 பின் பிளக்) 8 பின்னாக்கும் கன்வெர்ட்டர் வயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 8 பின் 150 வாட் வரை இழுக்கும், மோலெக்ஸ் அதற்கானது இல்லை. கருகல் வாசனை வந்ததும் அம்மா அடுப்படிக்கு ஓடினார். தோசைக்கல்லில் ஒன்றுமில்லை. கேபினட்டைத் திறந்தால் வெள்ளை பிளக் பழுப்பாகி வயரோடு ஒட்டிப்போயிருந்தது. கார்டு தப்பித்தது.

மஞ்சக்குப்பம்:
முத்தியால்பேட்டை அண்ணா, 450 போதும் என்று மொட்டையாக விட்டால் 3080 வைத்திருப்பவனும் அதையே வாங்குவான். அது 320 வாட், என்விடியா 750 என்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.