இறால் ஒவ்வாமை: பினாங்குக் கடைக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?

பினாங்கு நண்பர்களே, உதவி தேவை. என் மகனுக்கு எட்டு வயது. இறால் ஒவ்வாமை என்று மருத்துவர் சென்ற ஆண்டு உறுதிசெய்தார். துளி பட்டாலே உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்பு எழுகிறது.

ஜார்ஜ் டவுன் சாலையோரக் கடைகளில்தான் சிக்கல். இறால் வேண்டாம் என்று மலாயில் சொன்னால், மேலே கிடக்கும் இறாலை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இறாலை என்ன செய்வது? சம்பல் என்னும் மிளகாய் விழுதில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது), ரோஜாக் என்னும் பழக் கலவையிலும் அசாம் லக்சா என்னும் புளிப்பு நூடுல்ஸ் சூப்பிலும் கறுப்பு இறால் விழுது. சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) என்றால் எல்லாருக்கும் ஒரே வாணலி.

நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் மலாய் அம்மா உடனே புரிந்துகொண்டு, சம்பல் இல்லாமல் தனிக் கரண்டியால் பரிமாறுகிறார். ஹொக்கியன் என்னும் சீன மொழி பேசும் முதிய கடைக்காரர்களிடம் என் மலாய் எடுபடவில்லை. கைப்பேசியில் மாண்டரின் மொழிபெயர்ப்பைக் காட்டினேன். கூட்ட நேரத்தில் அதைப் படிக்க அவர்களுக்கு ஏது நேரம்? பௌத்த சைவக் கடைகளில் இறால் பயமில்லை. ஆனால் மகன் சீன நண்பர்களோடு ஒரே மேசையில், அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட ஏங்குகிறான். ஆகவே ஹொக்கியன் கடைகளைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள்.

இது விருப்பமல்ல, ஒவ்வாமை என்பதை ஹொக்கியன் கடைக்காரர்களுக்குப் புரியவைக்க உங்களுக்குப் பலன் தந்த வழி எது?