நெக்ஸ்ட்ஸ்டெப்புக்கு 8 எம்பி போதுமாம்!

பழையபெட்டி: நெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆபரேட்டிங் சிஸ்டமான நெக்ஸ்ட்ஸ்டெப் பற்றிப் பக்கத்து இழையில் செஞ்சுருள் ஐயா அருளியிருக்கிறார்: “1993-ல் நெக்ஸ்ட்ஸ்டெப் இன்டெல் பதிப்பின் விலையை மட்டும் குறைத்திருந்தால் வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியிருக்கும். 8 எம்பி ரேம் போதும்.” வொர்க்ஸ்டேஷனுக்கு, அதாவது தொழில்முறை வேலைக்கான வலுவான கணினிக்கு, எழுதிய சிஸ்டத்தை வீட்டுக் கணினியில் ஏற்ற ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்த 8 எந்தக் கணக்கில் வந்தது?

செஞ்சுருள்: தேவைப் பட்டியலில் இருக்கிற கணக்குதான். பயனர் பதிப்பு 795 டாலர், யார் வாங்குவார்கள்? அதே ஆண்டு ஜூலையில் வந்த விண்டோஸ் என்டி 3.1 குறைந்தது 12 எம்பி கேட்டது. 8 பெரிதா, 12 பெரிதா?

பழையபெட்டி: பட்டியலில் பாதியை விழுங்கிவிட்டீர்களே! 8 என்பது கறுப்பு வெள்ளைக்கு. வண்ணத்துக்கு 16. கணக்குப் போடுவோம். 800×600 ஜன்னல் ஒன்று, புள்ளிக்கு 2 பிட் என்றால் 1,20,000 பைட். 16 பிட் என்றால் 9,60,000. திரைக்கு வீடியோ கார்டில் தனி நினைவகம் இருக்கிறது, சரி. ஜன்னலின் நகல் கிடப்பது மெயின் ரேமில். ஐந்து ஜன்னல் திறந்தால் 48 லட்சம் பைட். உங்கள் 8 எம்பியில் மொத்தமே சுமார் 84 லட்சம்தான். சிஸ்டத்தின் கருவான மாக் கர்னலும், திரையில் வரைந்து தரும் டிஸ்ப்ளே போஸ்ட்ஸ்கிரிப்டும் எங்கே போய் உட்காரும், திண்ணையிலா?

செஞ்சுருள்: அரைகுறைக் கணக்கு. ஜன்னல் முதலில் 2 பிட்டில்தான் இருக்கும். உள்ளே வண்ணம் வரைந்தால்தான் ஆழம் கூடும். இது தெரியாமல் ஐந்தையும் 9,60,000-ஆல் பெருக்குகிறவரோடு என்ன பேச? 8 போதும்.

பழையபெட்டி: தெரியும் ஐயா. ஒரு சின்ன வண்ண ஐகான் விழுந்தாலே *முழு* ஜன்னலும் ஏறிவிடும், ஐகான் அளவுக்கு மட்டும் ஏறாது. வீட்டில் வாங்குகிறவன் சாம்பல் நிறம் பார்க்கவா வாங்குவான்? ரேம் போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது மிஞ்சியதை டிஸ்கில் வைக்கும் கோப்புக்கு, போனால், அந்தக் கோப்பு வளரும், சுருங்காது. ஜன்னலை மூடினாலும் இடம் திரும்பாது. ரீபூட் செய்தால்தான் ஸ்வாப்டேப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதிய கீழ் எல்லைக்கு இறங்கும். மேல் எல்லை போடாமல் விட்டால் டிஸ்க் நிரம்பும் வரை தின்னும். 16, 16, 16.

கர்னல்காளி: அண்ணன்மாரே, ரேமைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். முதலில் அது வீட்டு மெஷினில் ஏறுமா? நெக்ஸ்ட்ஸ்டெப் 3.1-க்கு (அந்த இன்டெல் பதிப்புதான்) ஸ்கஸி என்ற இணைப்பு வகையில் ஓடும் சிடி டிரைவ் வேண்டும். அன்றைக்கு வீட்டில் இருந்தது சவுண்ட் கார்டில் செருகிய சிடி டிரைவ், அது தெரியவே தெரியாது. சரி என்று அடாப்டெக் 1542 என்ற ஸ்கஸி கார்டு வாங்கிச் செருகினால், அதன் போர்ட் (கணினி அதை அழைக்கும் முகவரி) 330 ஹெக்ஸ், டிஎம்ஏ (ப்ராசஸரைத் தொடாமல் தரவு போகும் வழி) 5. சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற சவுண்ட் கார்டின் மிடி (இசைக்கருவி) போர்ட்டும் 330, அதன் 16 பிட் டிஎம்ஏவும் 5! இரண்டும் முட்டி, டிஸ்க் பாதியில் உறையும். மிடியை 300-க்கு மாற்றினால் அங்கே என்இ2000 நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்கும். சவுண்ட் கார்டின் டிஎம்ஏவை 7-க்கு மாற்றி, நெட்வொர்க் கார்டை 320-க்குத் தள்ளி, அப்புறம்தான் மூச்சு விடலாம். இதை வீட்டுக்காரர் செய்வாரா?

செஞ்சுருள்: ஜம்பர் (கார்டில் அமைப்பை மாற்றும் சின்னச் செருகி) மாற்றத் தெரியாதவருக்கு எந்த சிஸ்டமும் கிடையாது. பேச்சு ரேமைப் பற்றி.

பழையபெட்டி: காளி கேட்டதுதான் சந்தைக் கேள்வி. உங்களுக்குப் பதில் இல்லை என்பதால் ரேம் பக்கம் ஓடுகிறீர்கள். ரேம் பக்கமும் 16-தான். இன்னொன்று: 1542 அந்தக் காலத்து ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும் கார்டு, 24 பிட் முகவரி. 16 எம்பிக்கு மேல் அதன் கை எட்டாது. மேலே இருக்கும் தரவைக் கீழே நகலெடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அதாவது வண்ணத்துக்கு வேண்டிய 16 வரை போனதுமே சுவர்.

டக்ஸ்தம்பி: 1994 மார்ச்சில் லினக்ஸ் 1.0 இலவசமாகவே வந்தது. 4 எம்பியில் ஓடியது. எல்லாரும் மறந்தாச்சு.

செஞ்சுருள்: எழுத்துத் திரையில் ஓடியது. ஜன்னல் காட்டும் எக்ஸ் விண்டோவை ஏற்றிவிட்டு வாருங்கள் தம்பி.

டக்ஸ்தம்பி: எப்போதும் இதே எகத்தாளம்.

செஞ்சுருள்: 1996 டிசம்பரில் ஆப்பிள் யாரை வாங்குவதாக அறிவித்தது? நெக்ஸ்ட்டை. 2001 மார்ச்சில் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0-ஆக அதே சரக்கு வீட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக என்டி கர்னலும் வந்தது. நான் சொன்னது நடந்ததா இல்லையா?

பழையபெட்டி: 10.0 கேட்டது 128 எம்பி! 8-ஐப் போல 16 மடங்கு. எட்டு வருஷம் ரேம் விலை இறங்கக் காத்திருந்து வந்ததை “8 போதும்” என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறீர்களே, அசாத்தியத் துணிச்சல்.

கர்னல்காளி: என்இ2000-ஐ 320-க்குத் தள்ளினால் 1542-ன் 330-ஐ மிதிக்கும், அந்த நெட்வொர்க் கார்டுக்கு 32 முகவரி வேண்டும். மேலே தப்பாக எழுதிவிட்டேன். 340 போடுங்கள்.

செஞ்சுருள்: பார்த்தீர்களா, இவர்கள்தான் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர்கள். 8-ல் பூட் ஆகும்.

பழையபெட்டி: பூட் ஆகாது என்று யார் சொன்னது? கறுப்பு வெள்ளையில் ஆகும். வண்ணத்துக்கு 16.

செஞ்சுருள்: 8.