மிச்சிகனிடம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் எப்படி வாகை சூடியது?

உட்லண்ட்ஸ் அம்மா:
என் மகள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் அமெரிக்கக் காற்பந்து எங்கள் வீட்டிலும் பேச்சாகிவிட்டது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த அணி ஒரிகனிடம் 32-31 என்ற புள்ளிக்கணக்கிலும், நவம்பர் 30ஆம் தேதி சொந்தத் திடலிலேயே பரம வைரியான மிச்சிகனிடம் 13-10 என்றும் தோற்றது. தான் ஆடும் பல்கலைக்கழகப் பிரிவான பிக் டென்னின் இறுதியாட்டத்திற்குக்கூடத் தகுதிபெறாத அணி தேசிய வெற்றியாளர் ஆனது எவ்வாறு? ஒரு தோல்வியும் இன்றி அப்பிரிவை வென்ற ஒரிகனுக்கு இது நியாயம்தானா?

ஈசூன் ரசிகன்:
வணக்கம் அக்கா. அதற்கு முந்திய ஆண்டு வரை தேசிய வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்கு நான்கு அணிகள் மட்டுமே தெரிவுசெய்யப்பட்டன. 2024இல்தான் முதன்முறையாகப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். ஒஹாயோ ஸ்டேட் அதில் எட்டாம் இடத்தில் நுழைந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் மிச்சிகன் ஆட்டத்தோடு அவர்களின் பருவம் முடிந்திருக்கும். சிங்கப்பூரில் லீக் பட்டம் வேறு, கிண்ணம் வேறு என்று பழகிய நமக்கு இது உறுத்தலாம். ஆனால் விதி எல்லா அணிகளுக்கும் முன்பே தெரிந்ததுதான்.

தெம்பனிஸ்வாசி:
விதி வாசலைத் திறந்தது என்பது உண்மை. ஆயினும் அணி தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டதே முக்கியக் காரணம் என்பேன். மிச்சிகனின் தற்காப்பு மிக வலுவாக இருந்த நடுப்பகுதியிலேயே பந்தைத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடி முட்டி நின்றார்கள். பயிற்றுநர் ரயன் டேயைப் பதவிநீக்க வேண்டும் என்று ரசிகர்களே கூச்சலிட்டார்கள். மூன்று வாரம் கழித்து பிளே-ஆஃப் முதல் சுற்றில் டென்னசியை எதிர்கொண்டபோது, தொடக்கத்திலிருந்தே குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) வில் ஹவர்ட் முதலாண்டு மாணவர் ஜெரமாயா ஸ்மித்தை நோக்கித் துணிந்து பந்தை வீசினார். 42-17 என்று வென்றார்கள். அக்கா, ஒரிகனுக்கு நியாயமா என்று கேட்டீர்கள். ரோஸ் பவுல் எனும் காலிறுதி ஆட்டத்தில் அதே ஒரிகனை நேருக்கு நேர் சந்தித்து, முதற்பாதியிலேயே 34-0 என்று முன்னிலை பெற்று, 41-21 என வீழ்த்தினார்களே, அதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும்?

அரையிறுதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஏழு புள்ளி பின்தங்கியிருந்த டெக்சஸ், ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் கோட்டுக்கு ஒரு கஜத் தொலைவு வரை வந்துவிட்டது. அங்கிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டு நான்காவதும் கடைசியுமான வாய்ப்பில் ஆடியபோது, ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 கஜம் ஓடி டச்டவுன் அடித்தார். சமநிலையாகியிருக்க வேண்டிய ஆட்டம் 28-14 என்று முடிந்தது.

பிடோக் தம்பி:
இறுதியாட்டம் நமக்கு 2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தொடங்கியதால் பலர் வேலையிடத்தில் கைத்தொலைபேசியில்தான் பார்த்திருப்பார்கள். 31-7 என்று பின்தங்கியிருந்த எதிரணி நோட்டர் டேம் 31-23 வரை நெருங்கிவந்த கட்டத்தில், மூன்றாவது வாய்ப்பில், பந்தைத் தக்கவைக்க 11 கஜம் தேவைப்பட்டபோது ஹவர்ட் ஸ்மித்துக்கு 56 கஜம் வீசியதுதான் ஆட்டத்தை முடித்துவைத்தது. இறுதிக் கணக்கு 34-23.

ஒரிகன் குறித்து அக்கா கேட்டதில் வேறொரு நியாயம் உண்டு. முதல் சுற்றில் ஆடாமல் நேரே காலிறுதிக்குச் சென்ற நான்கு அணிகளும் அங்கேயே தோற்றன. முதலிடத்தில் இருந்த ஒரிகனுக்கு, முதற்சுற்றிலேயே வென்று சூடுபிடித்த ஒஹாயோ ஸ்டேட் எதிரியாக வாய்த்தது, பிரிவு வெற்றியாளர்களுக்கே முதல் நான்கு இடங்களை ஒதுக்கியதால் ஒஹாயோ ஸ்டேட் கீழே தள்ளப்பட்டதன் விளைவு. அந்த விதியை 2025 பருவத்திற்கே நீக்கி, தரவரிசைப்படியே இடம் வழங்க முடிவுசெய்துவிட்டார்கள்.